கரிசோகே: டயான் ஃபாஸியின் கல்லறைக்கு ஏறும் முன் எனக்கு யாராவது சொல்லியிருக்கலாம்

மலைக் கொரில்லாக்களை ஆராய்ந்த அமெரிக்கப் பெண் டயான் ஃபாஸி வாழ்ந்து, கொலையாகி, புதைக்கப்பட்ட கரிசோகே என்ற பழைய முகாமைப் பார்க்கத்தான் ருவாண்டாவுக்குப் போனேன். மலைக் கொரில்லாக்களைப் பார்ப்பதும் கல்லறைக்கு ஏறுவதும் ஒரே பூங்காவுக்குள் நடப்பவை என்பதால், காலையில் ஒன்று, மதியம் ஒன்று என்று ஒரே நாளில் இரண்டையும் முடித்துவிடலாம் என நினைத்தேன். ஏற்பாடு செய்து கொடுத்தவரும் தலையாட்டினார். கினிகியில் உள்ள எரிமலைகள் தேசியப் பூங்கா அலுவலகத்தில் காலை ஏழு மணிக்குப் போய் நின்றபோதுதான் உண்மை தெரிந்தது. எல்லா மலையேற்றமும் காலையில் ஒரே நேரத்தில்தான் புறப்படும். மதியத்துக்கு மேல் எதுவும் கிடையாது. கொரில்லாவுக்கு ஒரு பர்மிட், கல்லறைக்கு வேறு பர்மிட், இரண்டுக்கும் தனித்தனி நாள். அன்று என் கையில் இருந்தது கொரில்லா பர்மிட் மட்டும். மறுநாள் இரவு ஊர் திரும்ப விமான டிக்கெட். யாரிடம் கேட்பது என்று தெரியாமல், எந்தக் காரணத்துக்காக அவ்வளவு தூரம் வந்தேனோ அதைப் பார்க்காமலே போய்விடுவேனோ என்று அழுகை வந்துவிட்டது. விமானத் தேதியை மாற்ற 150 டாலர், கூடுதல் நாளுக்கு வண்டி 80, தங்கும் அறை 70 என்று மொத்தம் 300 டாலர், நம் பணத்தில் இருபத்தைந்தாயிரம் ரூபாய்க்கு மேல் போனது. முன்பே ஒருவர் ஒரு வரி சொல்லியிருந்தால் ஒரு ரூபாய்கூடப் போயிருக்காது.

அந்த வரி இதுதான்: ஃபாஸிக்காகப் போகிறீர்கள் என்றால் உங்களுக்கு வேண்டியது கல்லறை பர்மிட். அது 75 டாலர். கொரில்லா பர்மிட் 1500 டாலர். 2017 மே மாதம் 750-லிருந்து ஒரேயடியாக இரட்டிப்பாக்கினார்கள். கல்லறைக்கு ஏற கொரில்லா பர்மிட் அவசியமே இல்லை. இதைத் தெரியாமல், அவ்வளவு பணம் இல்லையே என்று ஆசையையே கைவிட்டவர்கள் எத்தனையோ பேர் இருப்பார்கள் என்று நினைக்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது. ஃபாஸி நடந்த காட்டில், ஃபாஸி ஏறிய சரிவில், 75 டாலருக்கு ஒரு முழுக் காலைப் பொழுது நடக்கலாம். இரண்டும் வேண்டுமென்றால் கினிகிக்கோ பக்கத்து நகரமான முசான்சேவுக்கோ முதல் நாளே போய்ச் சேர்ந்து, மூன்று இரவு தங்குவதாகத் திட்டமிடுங்கள். கல்லறைக்கு ஒரு நாள், கொரில்லாவுக்கு ஒரு நாள். கல்லறையை முதலில் வையுங்கள். காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

கிளம்பும் முன் செய்ய வேண்டியதில் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி முக்கியம். நம் ஊரிலிருந்து ருவாண்டாவுக்குப் பலரும் அடிஸ் அபாபா வழியாகப் போகிறோம். எத்தியோப்பியா போன்ற மஞ்சள் காய்ச்சல் நாடுகளிலிருந்து இந்தியா திரும்புகிறவரிடம் தடுப்பூசிச் சான்று இல்லையென்றால் ஆறு நாள் வரை தனிமைப்படுத்தி வைக்க விதி இருக்கிறது. ஊசி போட்ட பத்தாவது நாளிலிருந்துதான் சான்று செல்லும். கடைசி வாரத்தில் ஓடினால் பயனில்லை. எல்லா மருத்துவமனையிலும் போடமாட்டார்கள். அரசு அங்கீகரித்த மையங்களில் மட்டும்தான். சென்னையில் என்றால் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட். முட்டை ஒவ்வாமை உள்ளவர்கள் முதலில் மருத்துவரிடம் பேச வேண்டும். விசாவுக்குப் பயப்பட வேண்டாம். இந்தியா, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் எல்லாம் காமன்வெல்த் நாடுகள் என்பதால் முப்பது நாள் விசாவுக்குக் கட்டணம் வாங்குவதில்லை. ருவாண்டாவில் பிளாஸ்டிக் பைகளுக்கு 2008 முதல் தடை. பெட்டிக்குள் துணி சுற்றி வைத்திருக்கும் பாலித்தீன் கவர்களை வீட்டிலேயே எடுத்துவிடுங்கள். டாலர் நோட்டு கொண்டுபோனால் புதிய நோட்டாக, கிழிசலும் எழுத்தும் இல்லாததாகப் பார்த்து வாங்குங்கள். பழைய ஆண்டு அச்சிட்ட நோட்டுகளை அங்கே வாங்க மறுக்கிறார்கள். மாதத்தின் கடைசி சனிக்கிழமை காலை எட்டு முதல் பதினொன்று வரை உமுகாண்டா என்ற ஊர்ப்பொதுப்பணி நடக்கும். அந்த நேரம் கடைகள் மூடியிருக்கும், சாலைப் போக்குவரத்தும் பெரும்பாலும் நின்றுவிடும். கிகாலியிலிருந்து கிளம்பும் நாள் அதில் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கிகாலியிலிருந்து முசான்சேவுக்கு நியபுகோகோ பேருந்து நிலையத்திலிருந்து அடிக்கடி வண்டி உண்டு. மலைப்பாதையில் வளைந்து வளைந்து இரண்டு, இரண்டரை மணி நேரம். செலவு மிகக் குறைவு. ஃபாஸியின் காலத்து எழுத்துகளில் ருஹெங்கேரி என்று வருவது இந்த முசான்சேதான். பேருந்தில் போவதால் பணம் மிச்சமாகும் என்று நானும் நினைத்தேன். சிக்கல் அதற்குப் பிறகுதான். கினிகி அலுவலகத்தில் காலையில் பதிவு முடிந்து கைடு ஒதுக்கியதும், மலையடிவாரம் வரை போக வண்டி உங்களுடையதாக இருக்க வேண்டும். பூங்கா வண்டி கொடுப்பதில்லை. கடைசிப் பகுதி எரிமலைக் கல் துருத்திக்கொண்டிருக்கும் மண் பாதை. சாதாரண கார் போகாது, நாலு சக்கர இழுவை உள்ள ஜீப் வேண்டும். காலை ஏழு மணிக்கு அங்கே நின்றுகொண்டு வண்டி தேடினால் கேட்டதைத்தான் கொடுக்க வேண்டியிருக்கும். முந்தின நாளே முசான்சேவில் பேசி முடித்து, அதே வண்டியில் வேறு பயணிகள் வருகிறார்களா என்று கேளுங்கள். நாலு பேர் பகிர்ந்தால் சுமை கால்வாசியாகிவிடும். தனியாகப் போகிறவர்களை அதிகம் அடிப்பது பர்மிட் விலையல்ல, இந்த வண்டி வாடகைதான்.

முந்தின நாள் மதியம் சும்மா அறையில் படுத்திருக்காமல், கினிகியிலேயே டயான் ஃபாஸி கொரில்லா நிதியத்தின் வளாகத்துக்குப் போய்விடுங்கள். அமெரிக்கத் தொலைக்காட்சி நட்சத்திரம் எலன் டிஜெனரஸ் பெயரில் 2022-இல் திறந்தது. ஆராய்ச்சி மையமும் காட்சிக்கூடமும் அங்கே ஒன்றாக இருக்கின்றன. நான் இதை மலை இறங்கிய பிறகு பார்த்தேன், அது தவறு. ஏனென்றால் மேலே, கரிசோகேயில், பார்ப்பதற்கு என்று ஏறக்குறைய எதுவும் மிச்சமில்லை. படங்களில் பார்த்த அந்தப் பச்சைத் தகரக் குடில், கணப்பு, தட்டச்சு இயந்திரம் வைத்த மேஜை எதுவும் இல்லை. 1994 இனப்படுகொலையின்போதும் அதைத் தொடர்ந்த சண்டையிலும் முகாம் சூறையாடப்பட்டு அழிந்துபோனது. ஆராய்ச்சி மையம் மலையை விட்டுக் கீழே இறங்கிவிட்டது. மேலே போனால் அடித்தளக் கற்கள், பாசி, இது இன்னாருடைய குடில் என்று சொல்லும் பலகைகள், கல்லறைகள், அவ்வளவுதான். இது தெரியாமல் ஏறியதால் முதல் பத்து நிமிடம் எனக்குப் பெருத்த ஏமாற்றம். மனத்தில் சுமந்து போவதை மட்டும்தான் அங்கே பார்க்க முடியும். அதனால்தான் சொல்கிறேன், முதலில் கீழே உள்ளதைப் பார்த்துவிட்டு, படித்துவிட்டு, பிறகு ஏறுங்கள்.

இனி ஏற்றம். அடிவாரம் பிசோக்கே எரிமலையின் காலடி. பழைய எழுத்துகளில் விசோக்கே என்று இருக்கும். வண்டி நின்ற இடத்திலிருந்து பூங்கா எல்லை வரை வயல்வெளி. உருளைக்கிழங்கும், நடுவே வெள்ளை இதழ் சாமந்தி போன்ற பைரித்ரம் பூக்களும். பூச்சிக்கொல்லிக்காக வளர்க்கும் இந்தப் பூவை அவசரமாகக் கடந்துபோக வேண்டாம். 1960-களின் கடைசியில் இந்தப் பயிருக்காகப் பூங்காவின் ஐந்தில் இரண்டு பங்கு காட்டை வெட்டிக் கொடுத்தார்கள். ஃபாஸி வந்து சேர்ந்த அதே ஆண்டுகள். கொரில்லாக்கள் மலை உச்சிப் பக்கம் ஒதுங்கியதற்கு வேட்டையைவிட இது பெரிய காரணம். இன்று நாம் வண்டியிலிருந்து இறங்கி நடக்கத் தொடங்கும் இடம் அன்று காடாக இருந்திருக்கும். வயல் முடியும் இடத்தில், காட்டெருமைகள் பயிருக்குள் வராமலிருக்க எரிமலைக் கல்லை அடுக்கி ஒரு சுவர் எழுப்பியிருக்கிறார்கள். அதைத் தாண்டினால் காடு.

அங்கிருந்து கரிசோகேவுக்கு ஒன்றரை முதல் இரண்டு மணி நேர ஏற்றம். முகாம் இருந்த இடம் ஏறக்குறைய 3000 மீட்டர் உயரத்தில். தூரம் கொஞ்சம்தான், ஆனால் சேறு. உலர்காலம் என்று சொல்லும் ஜூன் முதல் செப்டம்பர் வரையிலும், டிசம்பர் கடைசி முதல் பிப்ரவரி வரையிலும்கூட மேலே மழை உண்டு. மார்ச் முதல் மே வரை கண்டிப்பாகத் தவிர்க்கலாம். கணுக்கால் சேற்றில் புதையும். சில இடத்தில் முழங்கால் பாதி. சாதாரண ஓட்டக் காலணி போட்டால் உறிஞ்சிக்கொண்டுவிடும். கணுக்காலை இறுக்கிப் பிடிக்கும் காலணி, அதன் மேல் சேறு உள்ளே போகாமல் முழங்கால் வரை சுற்றிக் கட்டும் கெய்ட்டர். அதைவிட முக்கியம் கையுறை. நம் செந்தட்டியைப் போல, அதைவிடக் கடுமையாக அரிக்கும் செடி பாதையின் இருபக்கமும் தோளளவு நிற்கும். வழுக்கும்போது கை தானாக அதைத்தான் பிடிக்கும். மெல்லிய துணி வழியாகவும் குத்தும். தோட்ட வேலைக்குப் போடும் தடித்த கையுறை ஒரு ஜோடி, முழுக்கை சட்டை, காலுறைக்குள் செருகிய தடித்த பேண்ட். எனக்குக் கையுறை இல்லை. இரண்டு உள்ளங்கையும் மறுநாள் வரை எரிந்தது. தண்ணீர் இரண்டு லிட்டர், மதியச் சாப்பாடு, மழைச்சட்டை, உலர்ந்த காலுறை ஒரு ஜோடி. கேமராவுக்கும் போனுக்கும் நீர் புகாத துணிப்பை. பாதையில் வேட்டை எறும்புகள் வரிசையாகக் கடக்கும். நிற்காமல் தாண்டிவிட வேண்டும், அவை மீது நின்று படம் எடுக்கக் கூடாது.

போர்ட்டர் வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள். பை சுமப்பதற்காக மட்டுமில்லை, வழுக்கும் இடத்தில் கை கொடுப்பதற்காக. பூங்காவை ஒட்டிய கிராமத்துக்காரர்கள் அவர்கள். நான் போனபோது 20 டாலர் கொடுத்தேன். ஃபாஸியின் ஒவ்வொரு மூட்டையும், மண்ணெண்ணெயும், காகிதமும் இப்படிப்பட்ட தோள்களில்தான் இந்தச் சரிவில் ஏறியது. கிகாலி 1500 மீட்டர், முசான்சே 1850 மீட்டர் அளவில்தான் இருக்கிறது. அதனால் 3000-த்தில் மூச்சு வாங்குவது இயல்பு. முதல் அரைமணி நேரம் வேண்டுமென்றே மெதுவாக நடங்கள். முன்னால் போகிறவரோடு போட்டி போட்ட நான் பாதி வழியில் தலைவலியோடு உட்கார்ந்தேன்.

மேலே ஏற ஏற மூங்கில் முடிந்து ஹஜீனியா மரங்கள் தொடங்குகின்றன. அகன்ற தண்டு, கிளையெல்லாம் பாசி தாடியாகத் தொங்கும். கரிசிம்பி 4507 மீட்டர், பிசோக்கே 3711 மீட்டர். இரண்டுக்கும் நடுவே உள்ள தாழ்ந்த இடத்தில், 1967 செப்டம்பர் 24 அன்று ஃபாஸி கூடாரம் போட்டார். இரண்டு மலைப் பெயரையும் வெட்டி ஒட்டியதுதான் கரிசோகே. அதற்கு முன் காங்கோ பக்கத்தில் கபாராவில் ஆறு மாதம் வேலை செய்து, உள்நாட்டுக் கலகத்தில் ராணுவத்தால் வெளியேற்றப்பட்டு வந்தவர். விலங்கியல் படித்து வந்தவரல்ல. கென்டக்கியில் ஊனமுற்ற குழந்தைகளுக்குத் தொழில்வழிச் சிகிச்சை அளித்துக்கொண்டிருந்தவர். 1963-இல் கடன் வாங்கி ஆப்பிரிக்கா வந்தபோது, ஆதி மனிதர்களின் புதைபடிவங்களை ஆராய்ந்துவந்த லூயி லீக்கியைச் சந்தித்தார். கேம்பிரிட்ஜ் முனைவர் பட்டம் 1970-களில்தான். கொரில்லாக்களின் மூக்குச் சுருக்கம் ஆளுக்கு ஆள் மாறும் என்பதைக் கொண்டு, ஒவ்வொன்றின் மூக்கையும் வரைந்து அடையாளம் வைத்தார். அவை நெருங்க விடுவதற்காக, அவை தின்னும் செடியைத் தானும் மென்று, முட்டியூன்றி நகர்ந்து, திருப்தியாக இருக்கும்போது அவை எழுப்பும் கனத்த தொண்டை ஒலியைப் பழகினார்.

கல்லறைகள் மரங்களுக்கு நடுவே ஒரு திறந்த இடத்தில். கொரில்லாக்களுக்கு மரப்பலகையில் பெயர். டிஜிட் பலகையைத் தேடிப் பாருங்கள். ருவாண்டா சுற்றுலாத் துறையின் விளம்பரத்தில் முகமாக இருந்த அந்த ஆண் கொரில்லாவை, 1977 டிசம்பர் 31 அன்று வேட்டைக்காரர்கள் ஈட்டியால் குத்திக் கொன்று, தலையையும் கைகளையும் வெட்டி எடுத்துப் போனார்கள். குடும்பம் தப்பிக்கும் வரை அது எதிர்த்து நின்றது. அதன் பெயரில் தொடங்கிய நிதிதான் இன்று ஃபாஸி நிதியம். அடுத்த ஜூலையில் அதே குழுவின் தலைவன் அங்கிள் பெர்ட்டும், மாச்சோ என்ற பெண் கொரில்லாவும் கொல்லப்பட்டன. டிஜிட்டுக்குப் பக்கத்தில்தான் ஃபாஸி. 1985 டிசம்பர் 27 காலை குடிலில் வெட்டப்பட்டுக் கிடந்தார், வயது 53. கொன்றது யார் என்பது இன்றுவரை தெளிவாகவில்லை. ஒரு அமெரிக்க ஆராய்ச்சி மாணவர்மீது அவர் இல்லாமலே வழக்கு நடத்தித் தீர்ப்புச் சொன்னார்கள். அதை நம்பாதவர்களே அதிகம். கல்லறைக் கல்லில் நியிராமசபெல்லி என்று ஊரார் வைத்த பெயர் இருக்கும். மலையில் தனியாக வாழும் பெண் என்று அதற்குப் பொருள் சொல்கிறார்கள். நான் அங்கே வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். கைடு அவசரப்படுத்தவில்லை. குடில் இருந்த இடத்துக்கும் கல்லறைக்கும் சில அடிகள்தான் என்பது படத்தில் புரியவில்லை, அங்கே நின்றபோதுதான் புரிந்தது. செத்த கொரில்லாக்களை வாசலிலேயே புதைத்து வைத்துக்கொண்டு எட்டு ஆண்டுகள் வாழ்ந்திருக்கிறார்.

ஊர்க்காரர்களிடம் பேசும்போது ஒன்றை மனத்தில் வையுங்கள். ஃபாஸியை எல்லோரும் தெய்வமாக நினைக்கவில்லை. பிடிபட்ட வேட்டைக்காரர்களை அவர் அடித்தார், அவமானப்படுத்தினார், மாடு மேய்க்க வந்தவர்களை விரட்டினார். மான் பிடிக்கக் கண்ணி வைத்த ஏழைகளுக்கு அது பிழைப்பு. அந்தக் கம்பியில் கொரில்லாக் குட்டியின் கை சிக்கி அழுகும் என்பதும் உண்மை. சுற்றுலாவையும் அவர் கடுமையாக எதிர்த்தார். 1979-இல் வேறு ஆய்வாளர்கள் சுற்றுலாவைத் தொடங்கியபோது அவர்களோடு முரண்பட்டார். சுற்றுலாவால் கொரில்லாக்களுக்குக் கேடு வரும் என்று அவர் கணித்தது நடக்கவில்லை என்றே நான் நினைக்கிறேன். பூங்கா வருமானத்தில் பத்து சதவீதம் சுற்றுக் கிராமங்களுக்குப் போகிறது. இந்த எரிமலைகள் அடங்கிய விருங்கா மலைகளில் 1981-இல் 250 அளவுக்குச் சுருங்கிய கொரில்லா எண்ணிக்கை 2016 கணக்கில் 604. உகாண்டாவின் பிவின்டி காட்டில் உள்ளவற்றையும் சேர்த்தால் ஆயிரத்தைத் தாண்டும். ஆனால் அந்த ஏற்றம் சுற்றுலாவால் மட்டும் வந்ததல்ல. தினமும் பின்தொடரும் காவலர்களும், கண்ணி அறுக்கும் ரோந்தும், ஃபாஸி இறக்கும் முன் கேட்டுக்கொண்டதால் 1986-இல் வந்து சேர்ந்த கால்நடை மருத்துவரும் இருந்த குழுக்கள் ஆண்டுக்கு நான்கு சதவீதம் பெருகின; அந்தப் பாதுகாப்பு இல்லாத குழுக்கள் குறைந்தன. தினமும் கூடவே இருப்பது என்ற அந்த முறையைத் தொடங்கி வைத்தவர் அவர்தான்.

கொரில்லா நாளைப் பற்றி நிறைய பேர் எழுதிவிட்டார்கள், சுருக்கமாக முடிக்கிறேன். ஒரு குழுவைப் பார்க்க எட்டுப் பேர், நேரம் ஒரு மணி. பதினைந்து வயதுக்குக் கீழ் அனுமதியில்லை. முகக்கவசம் கட்டாயம், பத்து மீட்டர் தள்ளி நிற்க வேண்டும், ஃபிளாஷ் கூடாது. சளி, இருமல் இருந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள்; நம் சளி அவற்றுக்கு உயிர் போகும் நோய். காலையில் குழு ஒதுக்கும்போது, ஃபாஸி காலத்திலிருந்து தொடரும் சூசா குழுவைக் கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் நீண்ட நடை, அதனால் மற்றவர்கள் தயங்குவார்கள். கிட்டே நெருங்கும்போது கைடு தொண்டைக்குள் ஒரு கனத்த ஒலி எழுப்புவார். முந்தின நாள் கல்லறையில் நின்றவருக்கு அந்த ஒலி எங்கிருந்து வந்தது என்று தெரியும். கல்லறையை முதலில் வைக்கச் சொன்னது இதற்காக. நான் தலைகீழாகப் பார்த்தேன், அந்த ஒலி காதில் விழுந்தும் என்னவென்று தெரியாமல் நின்றேன்.

இறங்கும்போது முழங்கால்தான் வாங்கும். அலுவலகத்தில் கொடுக்கும் தடியைத் திருப்பிக் கொடுக்கும் அவசரத்தில் பாதியில் விட்டுவிடாதீர்கள். ஏறுவதற்கு இல்லாவிட்டாலும் இறங்குவதற்கு அது வேண்டும். வண்டிக்குத் திரும்ப மதியம் ஒன்று, ஒன்றரை ஆகும். சேறு அப்பிய காலணியை அடிவாரத்தில் சில பையன்கள் கழுவித் தருவார்கள், சில்லறை வைத்திருங்கள். அன்றைக்கே கிகாலி பேருந்து பிடிக்கலாம். ஆனால் அன்று இரவே விமானம் ஏறும்படி வைத்துக்கொள்ளாதீர்கள்.